அண்ணி தின்ற புல்லரிசி

என் பாக்கியம் அண்ணிக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், ஒரே அறையான ஒரே காம்பராவில், ஒரே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நமக்குள் கடிதம் எதற்கு? இப்போது நீங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம், யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே இருக்கிறீர்கள். உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் உங்கள் வருஷத் திவசம் முடிந்தது. அன்றைக்கு நம் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்ஷி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முன்பற்கள் விழுந்துவிட்டதால் "சீனி" என்று சொன்னால் காற்றுத்தான் வருகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. இப்போது வாசலில் உட்கார்ந்தபடியே நமுனுகுல மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்து, துணி எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். அண்ணன் மறுபடியும் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மழைக்கு நம் காம்பராவின் பின்சுவர் வெடித்திருக்கிறது. இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை.

திவசத்துக்காக அண்ணன் உங்கள் படத்தைப் பண்டாரவளையில் கொடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். ஸ்டூடியோக்காரர் உங்கள் முகத்தை வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சாயமும் பூசிவிட்டார். நீங்கள் பார்த்திருந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருப்பீர்கள். எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். தர்ஷி மட்டும், "இது யாரு? மாமி மாதிரி இல்லயே" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. உங்களை எங்களில் யார் சரியாகப் பார்த்தோம், அண்ணி?

நீங்கள் கல்யாணமாகி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் அப்பா தோட்டத்தை விட்டு இறங்கி, வெல்லவாய பக்கம் கரும்பு வெட்டப் போனவர். நீங்கள் பிறந்தது அங்கே, அந்த வெயிலில். இங்கே வந்து இறங்கியபோது குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணச் சேலைக்கு மேல் அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தீர்கள். கையில் ஒரு துணிப்பை. அதை அம்மாவிடம் நீட்டினீர்கள்.

அம்மா பையை அவிழ்த்துப் பார்த்தார். கடுகைவிடக் கொஞ்சம் நீளமான, மண் நிறத்து மணிகள்.

"என்னாது இது? கோழித் தீனியா?"

"புல்லரிசி, அத்தை. எங்க ஊர்ல காஞ்ச கொளத்து ஓரத்துல, காட்ட வெட்டிப் பயிர் வச்சு விட்டுப்போன சேனையில எல்லாம் தானா மொளைக்கும். அம்மா குடுத்து விட்டாங்க. கஞ்சி வைக்கலாம்."

"புல்லத் திங்கிறதுக்கு நாங்க என்ன மாடா?" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தப் பையை வாசலில் கோழிகளுக்குக் கொட்டினார். வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோழிகள் கிளறிப் போட்ட வாசலை, புதுப்பெண் நீங்கள், அன்று மாலையே கூட்டினீர்கள்.

அன்றிலிருந்து லயத்தில் உங்களுக்குப் "புல்லரிசிக்காரி" என்று பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய இடத்தில்கூட அதையே சொன்னார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு நான் கல்யாணமாகிப் போனேன். புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொண்ட பிறகு, கைப்பிள்ளையோடு திரும்பி வந்தேன். வாசலில் நின்ற என்னை அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நீங்கள்தான் வந்து தர்ஷியைக் கையில் வாங்கினீர்கள். "பசிக்குதா?" என்று கேட்டீர்கள். என்ன நடந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து தர்ஷி உங்கள் பாயில்தான் தூங்கினாள்.

அதற்குப் பிறகு வந்தது அந்த கியூ வருஷம்.

நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பஸ்ஸுக்கும் வரிசை. உரமில்லாமல் தேயிலை வெளுத்துப்போய், கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்தது. அண்ணன் வேலை செய்த கொழும்புக் கடையை மூடிவிட்டார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் சுருண்டு கிடந்தார். ரொட்டிக்குக் கோதுமை மா இல்லை. கிடைக்கிற இடத்தில் வாங்க முடியவில்லை.

நாம் கொழுந்து பறிக்கிற மலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, நீங்கள் டப்பாவின் மூடியை மற்றவர்கள் பக்கம் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவீர்கள். ஒருநாள் உங்கள் பக்கமாக வந்து உட்கார்ந்தேன். டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை. வெறும் டப்பாவிலிருந்து கையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்ததைப் பார்த்து, "தண்ணி இருந்தா குடு" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்த மாசி மாதம் தர்ஷியின் கை விறகுக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைக்காம்பராவில் நிறுத்துப் பார்த்துவிட்டு, நிறை குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டு, "செல்வி, எங்க ஊருப் பக்கம் போய்ட்டு வருவோமா?" என்று கேட்டீர்கள்.

"அங்க யாரு அண்ணி இருக்கா?"

"யாரும் இல்ல. புல்லு இருக்கு."

தெமோதரையிலிருந்து எல்ல டவுன் வரைக்கும் நடந்தும் லொறியில் தொற்றியும் போனோம். அங்கிருந்து வெல்லவாய பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கினோம். வளைவுக்கு வளைவு சூடு ஏறியது. உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள். நான் அதுவரை மலையை விட்டு அப்படிக் கீழே இறங்கியதில்லை. தட்டையான நிலத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

உங்கள் அம்மாவும் அப்பாவும் இருந்த வீட்டில் கூரை இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா உங்களைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வீட்டிலேயே தங்கினோம். அவரிடமும் அதிகம் எதுவும் இல்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை நமக்கும் பங்கு வைத்தார்.

காலையில் வெயில் ஏறிய பிறகு குளத்துக்குப் போனோம். தண்ணீர் வற்றி, ஓரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல். கதிரெல்லாம் ஊதாவும் பச்சையும் கலந்த நிறம். முற்றியது வைக்கோல் நிறம். நான் கொழுந்து கிள்ளுகிற பழக்கத்தில் கதிரைக் கிள்ளினேன். பாதி மணி தரையில் கொட்டிப்போனது.

"கிள்ளாத புள்ள. சாக்கக் கீழ புடி. குச்சியால தட்டு. முத்தினது மட்டும் விழும், மத்தது நாளைக்கு."

முதுகை வளைத்துக்கொண்டு மதியம் வரை தட்டினோம். சாக்கின் அடிகூட நிறையவில்லை. புல்லின் ஓரம் கையை அறுத்தது. தூசி வியர்வையில் ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் அரித்தது. மலையில் இதே நேரத்துக்கு நான் ஒரு கூடை கொழுந்து பறித்திருப்பேன்.

அப்போதுதான் யானை வந்தது. கரைக்கு அந்தப் பக்கத்து மரங்களிலிருந்து, சத்தமே இல்லாமல், ஒற்றை யானை. நான் ஓடப் பார்த்தேன். நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஓடாத. காத்து நம்ம பக்கம்தான் வருது. அசையாம நில்லு."

அது நாம் தட்டிக்கொண்டிருந்த அதே புல்லைப் பிடுங்கியது. வேரில் இருந்த மண்ணை முன்னங்காலில் அடித்து உதறிவிட்டு வாயில் வைத்தது. மறுபடி பிடுங்கியது, உதறியது, வைத்தது. நாம் சாக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். அது போன பிறகு நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டூடியோக்காரரிடம் அந்த முகம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாசியிலும் பங்குனியிலும் வேலையில்லாத நாட்களிலெல்லாம் போனோம். கொண்டுவந்ததை நீங்கள் உரலில் குத்தி, சொளகில் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்தீர்கள். உமி போக அதில் மிஞ்சியது கொஞ்சம்தான். தர்ஷிக்கு அதில் கஞ்சி வைத்து, கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டுக் கொடுத்தீர்கள். அவள் முகம் சுளித்தாள், பிறகு குடித்தாள். சித்திரை முடியும்போது அவள் கன்னத்தில் சதை வைத்திருந்தது.

அம்மா அதைத் தொடவில்லை. "எனக்கு வேணாம். புல்லக் குடிச்சு உசிர் வாழணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல" என்றார். நீங்கள் வற்புறுத்தவில்லை. இருந்த அரிசியைச் சோறாக்கி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் போட்டீர்கள். உங்கள் தட்டில் மட்டும் புல்லரிசி. அம்மா அதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "பாரு, சோறு இருந்தாலும் அவளுக்கு அதுதான் எறங்கும். பொறந்த எடத்துப் புத்தி" என்பார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவீர்கள்.

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் போனது. பலாக்காய் போட்டு, கீரை போட்டு, கிழங்கு போட்டு, அந்தப் புல்லரிசியை நீங்கள் நீட்டி நீட்டித் தின்றீர்கள். நாங்கள் சோறு தின்றோம். "பாக்கியத்துக்கு அதுன்னா உசிரு" என்று லயமே சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பாமல் இருக்க நீங்கள் ஒரு சொல்லாவது சொன்னீர்களா?

பிறகு நாடு கொஞ்சம் நிமிர்ந்தது. மா வந்தது, பஸ் வந்தது. உங்கள் கால்தான் வீங்க ஆரம்பித்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் பலருக்கு அப்படிச் செய்கிறது, சின்ன வயதிலேயே தொடங்கியிருக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அந்த வருஷம் சரியாகச் சாப்பிடாததாலா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் படித்தவர், தெரிந்துதான் சொல்லியிருப்பார். ஆனாலும் இன்றுவரை சோற்றுப் பானையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி வருகிறது. நான் என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் நீங்கள் எதையும் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து போய், மேலே தகர டின்னில் மிச்சமிருந்த புல்லரிசியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அவளுக்குப் புடிச்சத வச்சுக் குடு. அதையாச்சும் குடிக்கட்டும்." அம்மா அந்தத் தகரத்தைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து, பார்வை நேரத்துக்கு மணி அடிக்கும்வரை வாசலில் காத்திருந்து உள்ளே ஓடி வந்தேன். மூடியைத் திறந்தீர்கள். மணத்தைப் பிடித்ததும் மெதுவாக மூடினீர்கள்.

"என்ன அண்ணி, வேணாமா? அம்மாதான் குடுத்து விட்டாங்க."

"அத்தையா?" என்று கேட்டுவிட்டுப் பிளாஸ்கை என் பக்கம் நகர்த்தினீர்கள். பிறகு சொன்னீர்கள். "செல்வி, எனக்கு இது புடிக்கவே புடிக்காது."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"சின்னதுல கரும்பு வெட்டு இல்லாத மாசமெல்லாம் இதுதான். தொண்டையில உமி குத்தும். அழுதுகிட்டே திம்பேன். கல்யாணமாகிப் போனா சோறு திங்கலாம்னு இருந்தேன். அம்மா இதயே ஒரு பையில கட்டிக் குடுத்துச்சு. அதுகிட்ட குடுக்க வேற என்ன இருக்கு? வேணாம்னு சொல்ல மனசு வரல்ல. அத்தை கோழிக்குக் கொட்டினப்ப, அப்பாடான்னு இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா அம்மா மொகம் ஞாபகம் வந்துச்சு" என்றீர்கள்.

"அப்புறம் ஏன் அண்ணி அந்த வருஷமெல்லாம் அதயே தின்னீங்க?"

"அரிசி பத்தலயே. யாராச்சும் ஒருத்தர் வேற திங்கணும். எனக்குப் பழக்கம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள். தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்று பேசுவது மாதிரி.

"உங்களுக்கு என்னதான் புடிக்கும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதை நாங்கள் யாருமே கேட்டதில்லை என்பது கேட்கும்போதுதான் தெரிந்தது.

"வெள்ளச் சோறு. சூடா. கறி வேணாம், கொஞ்சம் உப்பு போதும்" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு வெட்கம்.

மறுநாள் விடிந்ததும் உலை வைத்து, வெள்ளைப் பச்சையரிசிச் சோறு ஆக்கி, துணியில் சுற்றிச் சூடு ஆறாமல் கொண்டு வந்தேன். நீங்கள் வாய் திறக்கிற நிலையில் இல்லை. சோற்றுப் பாத்திரம் என் மடியில் இருந்தது. அதன் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது சேலைக்கு மேலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

உங்களைத் தூக்கும் முன்னால் எல்லோரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். வெள்ளை அரிசி. அம்மாவும் போட்டார், அண்ணனும் போட்டார், நானும் போட்டேன்.

நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதே என்று நீங்கள் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. உங்களுக்குள்ளேயே நீங்கள் வைத்திருந்ததை எடுத்து வெளியே போட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் இந்த மாசியில் அம்மா ஒரு பேச்சைத் தொடங்கினார். "பாக்கியத்துக்குத் தெவசம் வருது. அவளுக்குப் புடிச்சது புல்லரிசி. அத வச்சுத்தான் படைக்கணும்."

"தகரத்துல இல்லம்மா."

"இல்லன்னா போய் எடுப்போம். நானும் வர்றேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. முழங்கால் வலியோடு, புதுக் கண்ணோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வெல்லவாய பஸ்ஸில் ஏறினார். வழியில் ஒரு வளைவில், "இவ்ளோ தூரத்துலேர்ந்தா அவ நம்ம வீட்டுக்கு வந்தா?" என்று கேட்டார்.

உங்கள் குளத்தின் ஒரு பக்கம் இப்போது வாழை போட்டு, யானைக்கு மின்வேலியும் கட்டியிருக்கிறார்கள். சிங்கள அம்மா இருக்கிறார். நீங்கள் இறந்ததை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டார். உங்களை மகள் போல வைத்திருந்தவர் அம்மா என்று நினைத்துவிட்டார் போல. அம்மா அதைத் திருத்தவில்லை. அந்த அணைப்புக்குள் அப்படியே நின்றார்.

விட்டுப்போன ஒரு சேனையில் புல் முற்றியிருந்தது. நான் சாக்கைப் பிடித்தேன், அம்மா குச்சியால் தட்டினார். வெயில் உச்சிக்கு வந்தது. அம்மாவின் கையில் புல் கிழித்த கோடுகளில் ரத்தம் முத்து முத்தாக நின்றது. உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. கடைசியில் சாக்கைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"குத்திப் புடைச்சா இதுல பாதி."

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு துப்பினார்.

"இத எப்படி அவ ஆசையா தின்னா, செல்வி?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, உங்களுக்குப் பிடித்ததைப் படைத்தோம் என்ற நிம்மதியாவது மிஞ்சட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் அழுதுகொண்டே தின்ற ஒன்றை உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைக்க என்னால் முடியாது, அண்ணி. சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

அம்மா குச்சியைக் கீழே போடவில்லை. அதை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்த வருஷமெல்லாம் அவ சோத்தத்தான் நான் தின்னேனா?"

"நாம எல்லாரும்தாம்மா."

"நான் அவளப் பொறந்த எடத்துப் புத்தின்னு சொன்னேனே. தட்டுக்கு முன்னாடி வச்சுச் சொன்னேனே."

அம்மா அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. திரும்பிக் குனிந்து மறுபடி தட்ட ஆரம்பித்தார். "போதும்மா, இத இனிப் படைக்கப் போறதில்லையே" என்றேன். "நீ சாக்கப் புடி" என்றார். வெயில் சாயும்வரை தட்டினார்.

திவசத்தன்று அம்மாவே அடுப்பில் உட்கார்ந்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. பெரிய பானையில் வெள்ளைச் சோறு. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி. உங்கள் படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, ஆவி பறக்கிற சோற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்தார். ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. வேறொன்றும் வைக்கவில்லை.

அண்ணன் பதறிப்போனார். "என்னம்மா இது, கறி ஒண்ணும் வைக்காம? அவளுக்குப் புடிச்ச புல்லரிசி எங்க?"

"அவளுக்கு அது புடிக்காது" என்றார் அம்மா. பிறகு, எல்லாவற்றையும், வந்திருந்தவர்கள் கேட்கும்படியாகவே சொன்னார். உங்களைப் புல்லரிசிக்காரி என்று கூப்பிட்டவர்களும் அங்கே இருந்தார்கள்.

"எங்கிட்டகூட அவ சொல்லலயே" என்றார் அண்ணன்.

"நீ கேட்டியா?"

அண்ணன் பின்பக்கம் எழுந்து போய்விட்டார். மலைத் தண்ணீர் வருகிற பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமும் சட்டையும் நனைந்திருந்தன. உங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்ததோ, அது எனக்குத் தெரியாது.

காகம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. கொஞ்சம் தின்றுவிட்டுக் கத்தியது.

எல்லோருக்கும் சோறும் கறியும் பரிமாறி முடிந்த பிறகு, அம்மா அந்தச் சின்னச் சட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். உள்ளே புல்லரிசிக் கஞ்சி. அம்மாவே தட்டியது, குத்தியது, புடைத்தது. சரியாகப் புடைபடவில்லை, உமி மிதந்தது. ஒரு வாய் குடித்தார். இருமினார். மறுபடி குடித்தார்.

தர்ஷி போய் எதிரில் குந்திக்கொண்டாள். "அம்மாயி, ருசியா இருக்கா?"

"இல்ல" என்றார் அம்மா. சட்டி காலியாகும் வரைக்கும் குடித்தார்.

நான் அதைத் தடுக்கவில்லை, அண்ணி. தடுத்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "விடு, அத்தைக்குத் தொண்ட குத்தும்" என்று சட்டியை நீங்களே வாங்கிக்கொண்டிருப்பீர்களா? வாங்கியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அதை நினைத்தபோதுதான், உங்களைத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட வராத அழுகை எனக்கு வந்தது.

அண்ணன் கொழும்புக்குப் போய்விட்டார். அம்மா நேற்றிரவு கட்டிலை விட்டு இறங்கி, நீங்கள் படுக்கிற இடத்தில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் பாயை விரித்துக்கொண்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த வீட்டில் யார் பரிமாறினாலும், அம்மாவோ, நானோ, நாளைக்குத் தர்ஷியோ, பரிமாறுகிறவளின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றவர் கை சோற்றுக்குப் போகும். போக விடமாட்டேன்.

உங்கள் கையால் சோறு வாங்கித் தின்ற நாத்தனார்,
செல்வி